வெங்காயப் பை

இருபது மில்லிகிராம்.
மூச்சு பட்டாலே ஆடுகிற தராசு.
குஞ்சை வைத்து, வாயை மூடிக்கொண்டு
எண்ணைப் படிக்கிறேன்.
தாயின் வாலடியைவிட்டு முந்தாநாள்தான் இறங்கியது.
நண்டும் இல்லை, இறாலும் இல்லை,
ஆற்றுச் சிங்கி என்று நானே வைத்துக்கொண்ட பெயர்.
கொடுக்கு இரண்டும் ஊசிமுனையளவு;
அதற்குள் என்னைப் பார்த்து ஓங்குகிறது.

மரீபாவில் மழைக்கு இன்னும் ஐந்து வாரம்.
கொட்டகைத் தகரம் வெயிலில் முறிகிறது.
பெவன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினார்:
முப்பத்தைந்து சதவீதம் புரதம்,
மீன்தூள், சோயா, கோதுமை.
விலையைக் கேட்காதே, என்றார்.
கேட்கவில்லை.
மூட்டையிலேயே ஒட்டியிருந்தது.

ஆறு தொட்டி, தொட்டிக்கு முந்நூறு.
ஒளிந்துகொள்ள, கொத்தாகக் கட்டிய வெங்காய வலைப்பைகள்.
முதல் மூன்று கெரினுக்கு, மற்ற மூன்று எனக்கு.
கெரின் பைகளைக் கழுவ மாட்டாள்.
போன பருவத்துப் பாசியோடு அப்படியே அமுக்கிவிட்டு
சிகரெட்டுக்குப் போய்விடுவாள்.
நான் பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.
வெயிலில் காயவைத்தேன்.
தொட்டிச் சுவரின் வழவழப்பையும் விடவில்லை.
என் தண்ணீரில் நாணயம் போட்டால்
தலையா பூவா என்று மேலிருந்தே தெரியும்.
அதை அவளிடம் ஒருமுறை சொல்லியும் காட்டினேன்.

நாற்பதாம் நாள் எண்ணிக்கை.
அவளுடையவை: 271, 264, 258.
என்னுடையவை: 94, 88,
மூன்றாவதை இரண்டு முறை எண்ணினேன், 71.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்.
இங்கே பறந்தவை கால்கள்.
ஒன்றுக்குப் பத்து வீதம்
வெள்ளைத் தரையில் உதிர்ந்து கிடந்தன,
கழுவிய அரிசியில் கிடக்கும் உமிபோல.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றி
கெரினின் இரண்டாம் தொட்டியருகே குந்தினேன்.
பைக்குள் ஒரே நடமாட்டம்.
முன்கால்களால் நூல் நூலாக வழித்து
அந்தக் கொழகொழப்பை வாய்க்கு அனுப்புகின்றன.
பாசி, பாசிக்குள் புழு, புழுவுக்குள் இன்னும் என்னவோ,
நீரில் துள்ளும் தெள்ளுப்பூச்சிகள்.
ஒரு குஞ்சு ஒன்றை எட்டிப் பிடித்தது;
அவ்வளவு சிறிய வேட்டையை நான் பார்த்ததில்லை.
தீவன உருண்டை ஓரமாய் ஊறி வெளுத்துக் கிடந்தது.
மூட்டை பொய் சொல்லவில்லை.
வளர்ந்தவை தின்னும்.
இந்த வாய்க்கு அது இன்னும் பாறாங்கல்.

ஓடு கழற்றிய ஒன்று மூலையில் கிடந்தது,
ஈரக் காகிதம்போல.
கழற்றுவதற்கு முன்பே வயிற்றுக்குள்
சுண்ணாம்பில் இரண்டு வெள்ளைக் கல் சேர்த்துவைக்கும்.
அது கரைந்துதான் புது ஓட்டுக்கு உரம்.
போதாததற்குப் பழைய ஓட்டையே கடித்துக்கொள்ளும்.
இதற்கு ஒரு ராத்திரியாவது வேண்டும்,
யாரும் வராத ராத்திரி.
இங்கே அதன் உடன்பிறந்தவள் பக்கத்திலேயே
பையை வழித்துக்கொண்டிருந்தாள்,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
என் தொட்டியில் திரும்பியிருப்பாள்.

விடிந்ததும் கெரின் வந்தாள்.
எண்களை அவளும் பார்த்திருந்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
தன் தொட்டியிலிருந்து ஒரு வாளி பச்சைத் தண்ணீரை
என் நான்காவதில் கவிழ்த்தாள்.
நான் ஒரு பிடி லூசர்ன் வைக்கோலை உதறிப் போட்டேன்,
இடித்த சுண்ணாம்புக் கல்லை ஒரு கரண்டி.
பிரஷ்ஷைக் காணவில்லை.
தேடவும் இல்லை.

படிவத்தில் 'இறப்புக்குக் காரணம்' என்று ஒரு கட்டம்.
நோய், வெப்பம், ஆக்சிஜன், பறவை,
எதையும் டிக் செய்ய முடியவில்லை.
ஓரத்தில் 'சுத்தம்' என்று எழுதினேன்.
பெவன் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

பதினாறு நாளில் நான்காவது கலங்கியது.
தரை தெரியவில்லை.
கையை விட்டால் விரலே தெரியவில்லை;
ஏதோ ஒன்று நகக்கண்ணைச் சுரண்டிப் பார்த்தது.
புதுக் குஞ்சுகளை விடலாம்.
தராசைத் துடைத்தேன்.
வாயை மூடிக்கொண்டேன்.
இருபத்திரண்டு.
அடுத்தது.